பீன்யா: சார்ஜ் ஷீட் வந்திருக்கிறது. உள்விசாரணைக்குப் போவதா, ராஜினாமா எழுதிக் கொடுப்பதா?

கேட்டவர்: தாசரஹள்ளி வாசி

என் தம்பி பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு மெஷின் ஷாப்பில் 6 வருஷமாக நிரந்தரத் தொழிலாளி. சூப்பர்வைசரிடம் சத்தம் போட்டான், லைனை நிறுத்தினான் என்று சஸ்பெண்ட் செய்து சார்ஜ் ஷீட் (கம்பெனியின் குற்றச்சாட்டுக் கடிதம்) கொடுத்துவிட்டார்கள். முழுக்க இங்கிலீஷ், அவனுக்குத் தமிழும் பேசுகிற அளவு கன்னடமும்தான் தெரியும். பதில் தர 3 நாள். ராஜினாமா கொடுத்தால் 80,000 ரூபாய், இல்லையென்றால் டிஸ்மிஸ்தான் என்கிறார் எச்.ஆர். என்ன செய்யலாம்?

சங்கத்துக்காரர்

முதலில் அந்த 80,000-ஐப் பிரித்துப் பாருங்கள். கடைசி மாத பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 18,200 என்றால், அதை 26-ஆல் (மாதத்தின் வேலை நாள்) வகுத்து 15-ஆல் (வருஷத்துக்கு 15 நாள் சம்பளம்) பெருக்க 10,500. ஆறு வருஷத்துக்கு 63,000. அது கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, ஏற்கெனவே அவருடையது. லீவுச் சம்பளமும் அப்படியே. மிச்சம் எவ்வளவு என்று பார்த்தால் அவர்கள் உண்மையில் தருவது என்னவென்று தெரியும். ராஜினாமா எழுதிவிட்டால் 'வேலையை விட்டு நீக்கினார்கள்' என்று வழக்குப் போடுவது ரொம்பக் கஷ்டம். மிரட்டி வாங்கினார்கள் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

சார்ஜ் ஷீட்டில் இன்னொன்றும் பாருங்கள். வெறும் சத்தம் என்று இருக்கிறதா, வன்முறை, கலவரமான நடத்தை என்று இருக்கிறதா? இரண்டாவது நிரூபணமாகி டிஸ்மிஸ் ஆனால் கிராஜுவிட்டியையே பிடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அந்தச் சொல் இருந்தால் பதிலில் அதைத் தனியாக மறுக்க வேண்டும்.

மூன்று நாளுக்குள் ஒரு கடிதம் போய்விடட்டும்: குற்றச்சாட்டை மறுக்கிறேன், தமிழ் மொழிபெயர்ப்பும் ஆவணங்களின் நகலும் வேண்டும், விவரமான பதிலுக்கு அவகாசம் வேண்டும். நேரில் கொடுத்தால் நகலில் சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட். மன்னிப்புக் கடிதம் மட்டும் வேண்டாம். அதை ஒப்புதலாக எடுத்துக்கொள்வார்கள்.

லேபர் வக்கீல்

விசாரணை நாடகம் என்று போகாமல் இருப்பதுதான் பெரிய தப்பு. நோட்டீஸ் கிடைத்தும் வரவில்லை என்று எழுதி, ஒருதலைப்பட்சமாக முடித்துவிடுவார்கள்.

அங்கே மேனேஜ்மென்ட் சாட்சிகள்தான் முதலில் பேச வேண்டும். தம்பியை முதலில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டால் ஆட்சேபித்து, அந்த ஆட்சேபணையைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அன்று மாலையே கடிதமாக அனுப்புங்கள். சக தொழிலாளி ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளக் கேளுங்கள். இங்கிலீஷோ கன்னடமோ படிக்கத் தெரிந்தவராக இருந்தால் நல்லது. என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் விளங்காமல் எந்தப் பக்கத்திலும் கையெழுத்து வேண்டாம். அன்றன்றைய நடவடிக்கையின் நகல் அன்றே வாங்கிவிடுங்கள்.

குறுக்கு விசாரணையில் வாதாட வேண்டாம். எத்தனை மணி, சாட்சி எங்கே நின்றார், லைன் எத்தனை நிமிடம் நின்றது, அது புரொடக்ஷன் ரெஜிஸ்டரில் இருக்கிறதா, சிசிடிவி பதிவு எங்கே. இவ்வளவு போதும்.

முடிந்ததும் அறிக்கையின் நகல் தந்து, தண்டனைக்கு முன் பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். 1993-ல் இ.சி.ஐ.எல். என்ற பொதுத்துறை நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது.

தாசரஹள்ளி வாசி

நன்றி அண்ணா. விசாரணை முறையாக நடக்காவிட்டால் வேலை தானாகக் கிடைத்துவிடுமா? சஸ்பென்ஷனில் சம்பளம் உண்டா?

லேபர் வக்கீல்

தானாகக் கிடைக்காது. விசாரணை செல்லாது என்றாலும், குற்றச்சாட்டைத் தொழில் தீர்ப்பாயத்தின் முன் புதிதாக நிரூபிக்க மேனேஜ்மென்ட் அனுமதி கேட்கலாம். அதனால் சாட்சி சொல்லத் தயாராக இருப்பவர்களை இப்போதே குறித்து வையுங்கள். குற்றம் நிரூபணமானாலும் தண்டனை அதிகம் என்று பட்டால் குறைக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு; 6 வருஷச் சுத்தமான சர்வீஸ் அங்கேதான் கைகொடுக்கும்.

சஸ்பென்ஷனில் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாக உண்டு. தாமதம் தம்பியால் இல்லையென்றால் அதன் பிறகு 75 சதவீதம். வேறு எங்கும் வேலை செய்யவில்லை என்று எழுதிக் கேட்பார்கள், மாதாமாதம் கொடுத்துவிடுங்கள். ஊதியம் தராமலே விசாரணை நடத்தினால் அதையும் ஆட்சேபணையாகப் பதியுங்கள்.

சங்கத்துக்காரர்

டிஸ்மிஸ் வந்துவிட்டால் பன்னேர்கட்டா ரோடு கார்மிக பவனில் சமரச அதிகாரியிடம் மனு. 45 நாளில் முடியவில்லை என்றால் நேராகத் தீர்ப்பாயம். முன்பு இதற்கு 3 வருஷக் கெடு. 2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்த பிறகு சமரச அதிகாரியிடம் போகவே 2 வருஷம்தான். பழைய கணக்கை நம்பி இருந்துவிடாதீர்கள்.