எஸ்டிபியை மூடுவதா, ஓட்டுவதா?

சோழிங்கநல்லூர் அடுக்ககம், குடியிருப்போர் குழு

ஏ 201 (செயலாளர்), மாலை 6:12
அனைவருக்கும் வணக்கம். ஞாயிறு பொதுக்குழுவில் ஒரே விஷயம்தான். நம் தெருவில் பாதாளச் சாக்கடைக் குழாய் பதித்துவிட்டார்கள். இணைப்பு கேட்டு மனு கொடுக்கலாம். கொடுத்தால் நம்முடைய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை (எஸ்டிபி) என்ன செய்வது? இங்கேயே பேசிவிட்டால் ஞாயிறன்று சண்டை குறையும்.

சி 104 மாமி, 6:15
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மூடுங்கள். எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது. ராத்திரி பன்னிரண்டுக்கு ஆரம்பித்து, காலை ஐந்து மணிக்கு உச்சம். சுப்ரபாதம் போடுகிற நேரத்தில் அழுகிய முட்டை நாற்றம். சம்பந்தி வீட்டார் வந்து தங்கியபோது மானமே போய்விட்டது.

பி 502, 6:17
மாமிக்கு என் ஓட்டு. கரண்ட் பில், ஆபரேட்டர் சம்பளம், பராமரிப்பு ஒப்பந்தம், எல்லாம் மிச்சம். அந்த இடத்தில் எட்டு கார் நிறுத்தலாம்.

டி 303, 6:18
எட்டு பேர் யார் யார் என்று இப்போதே சொல்லிவிடுங்கள் 😀

பி 502, 6:18
குலுக்கல்தான் மேடம்.

பி 207, 6:20
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ஏ 402 (ரிடையர்ட் இன்ஜினியர்), 6:31
மாமி, நீங்கள் சொன்ன நேரத்திலேயே பதில் இருக்கிறது. போன வருடம் மின்சாரச் செலவைக் குறைக்க இரவு 10 முதல் காலை 5 வரை புளோயரை (தொட்டிக்குள் காற்று ஊதும் இயந்திரம்) நிறுத்தச் சொல்லி கமிட்டி முடிவெடுத்தது. நானும் அந்தக் கமிட்டியில் இருந்தேன். எதிர்த்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன், பில்லைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

கழிவைத் தின்று தீர்ப்பது பாக்டீரியா. அதற்கு மூச்சுவிடக் காற்று வேண்டும். காற்று நின்றால், காற்று தேவைப்படாத இன்னொரு கூட்டம் தலையெடுக்கும். அது விடுகிற வாயுதான் ஹைட்ரஜன் சல்பைடு, உங்கள் அழுகிய முட்டை. காலை ஐந்துக்கு புளோயரைப் போட்டதும், இரவெல்லாம் தண்ணீருக்குள் சேர்ந்தது மொத்தமாக வெளியே கிளம்பும்.

சி 104 மாமி, 6:33
அப்படியானால் இது கமிட்டி போட்ட நாற்றமா?

ஏ 201 (செயலாளர்), 6:34
🙏

பி 502, 6:36
சரி சார், தவறு நடந்துவிட்டது. ஆனால் குழாய்தான் வந்துவிட்டதே, இனி நமக்கு இந்தத் தலைவலி எதற்கு?

ஏ 402, 6:49
தண்ணீருக்காக. கணக்கைப் பாருங்கள். 120 வீடு, சுமார் 400 பேர். ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது திட்டமிடும்போது வைக்கிற அளவு. அதில் 45 லிட்டர் கழிப்பறை ஃப்ளஷுக்கே போகிறது. 400 பேருக்கு 18,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஒன்றரை லாரி, தினமும். இப்போது அதற்கு எஸ்டிபியில் சுத்திகரித்த நீர் வருகிறது. எஸ்டிபியை மூடினால் அதையும் காசு கொடுத்து வாங்கிக் கழிப்பறையில் கொட்டுவோம். எட்டு கார் நிறுத்த இது ரொம்ப விலை.

டி 303, 6:52
2019 ஜூன் மாதம் நினைவிருக்கிறதா? லாரிக்கு எத்தனை நாள் காத்திருந்தோம். அப்போது ஃப்ளஷுக்காவது தண்ணீர் இருந்தது இதனால்தான். பக்கத்துக் குடியிருப்பில் அதுவும் இல்லை, பக்கெட் தூக்கினார்கள்.

சி 206, 6:55
ஆனால் இப்போது ஃப்ளஷில் வருகிற தண்ணீர் மஞ்சளாக இருக்கிறதே அண்ணா. மேல்நாட்டுக் கம்மோடு முழுக்கக் கறை. நான் நல்ல தண்ணீர் இணைப்புக்கு மாற்றிக்கொண்டேன், மன்னிக்கவும்.

ஏ 402, 7:02
நீங்கள் மட்டுமல்ல, பலர் மாற்றிவிட்டார்கள் என்று பிளம்பர் சொன்னார். இன்று மதியம் ஆபரேட்டர் தம்பியோடு நின்று பார்த்தேன். காற்றுத் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் கண்ணாடி அளவையில் எடுத்து அரை மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். நன்றாக ஓடுகிற நிலையத்தில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் பழுப்பு நிறத்தில் கசடு படியும். மேலே தெளிந்த நீர். நமக்குப் படிந்தது 80 மில்லி, அதுவும் கறுப்பு. மேலே கலங்கல் அப்படியே நின்றது. [படம்]

வேலை செய்கிற உயிர்களே இல்லை. மறுபடி வளர்க்க வேண்டும். நன்றாக ஓடுகிற நிலையத்திலிருந்து ஒரு லாரி கசடு கொண்டுவந்து ஊற்றலாம், சாணி கரைத்தும் ஊற்றுவார்கள். சில வாரங்கள் பிடிக்கும்.

பி 502, 7:03
சாணியா?! பல லட்சம் போட்ட மெஷினுக்கு?

ஏ 402, 7:04
தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான்.

டி 303, 7:08
ஒன்று கேட்க வேண்டும். போன வாரம் சேகரிப்புத் தொட்டியில் பம்ப் அடைத்தபோது ஒப்பந்தக்காரர் அந்தத் தம்பியை உள்ளே இறங்கச் சொன்னார். வாட்ச்மேன்தான் தடுத்தார். இது கமிட்டிக்குத் தெரியுமா?

ஏ 201 (செயலாளர்), 7:15
மறுநாள்தான் தெரிந்தது. எச்சரித்திருக்கிறேன்.

டி 303, 7:19
எச்சரிக்கை போதாது சார். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம். சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு இழப்பீட்டை 30 லட்சமாக உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியது. பணத்தை விடுங்கள். மாமி ஜன்னலில் முகர்கிற அதே வாயு, தொட்டிக்குள் அடர்ந்தால் முதலில் மூக்கை மரத்துப்போகச் செய்யும், நாற்றமே தெரியாது. அடுத்த மூச்சில் ஆள் விழுந்துவிடுவான். பம்பை மேலிருந்தே சங்கிலியில் தூக்குகிற அமைப்பு இல்லாமல் புது ஒப்பந்தம் போடக்கூடாது.

சி 104 மாமி, 7:22
அந்தப் பையனுக்கு என் பேரன் வயசு. அடைத்தது என்ன?

ஏ 402, 7:24
ஈரத் துடைப்பான், நாப்கின். வெளியே எடுத்தபோது வாளி நிறைய. மேலே எண்ணெய் வேறு, அப்பளம் பொரித்த எண்ணெயை சிங்கில் ஊற்றுகிறோமே அது.

பி 502, 7:30
சரி, நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். தொட்டிக்குள் இல்லை 😀. குழாய் இணைப்பும் வேண்டாம் என்கிறீர்களா?

ஏ 402, 7:41
இணைப்பு கட்டாயம் வாங்குவோம். ஒரு நாளைக்கு நம்மிடம் உருவாகும் கழிவுநீர் 43,000 லிட்டர். நமக்குத் தேவை ஃப்ளஷுக்கு 18,000, செடிகளுக்குக் கொஞ்சம். மீதியை இப்போது லாரியில் ஏற்றி அனுப்புகிறோம், அது எங்கே போய்க் கொட்டுகிறது என்று யாரும் கேட்டதில்லை. இனி அது குழாயில் போகட்டும். நாம் பாதியை மட்டும் ஒழுங்காகச் சுத்திகரிப்போம்.

நகரமே இந்தப் பக்கம்தான் போகிறது. கோயம்பேட்டில் கழிவுநீரை ஆர்ஓ வரை சுத்திகரித்து இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் அனுப்ப நாளுக்கு 4.5 கோடி லிட்டர் திறனில் நிலையம் இருக்கிறது. கொடுங்கையூரிலும் அதே அளவு, மணலிப் பக்கத்துக்கு. தொழிற்சாலைகள் விலை கொடுத்து வாங்குவதை நாம் மூடி கார் நிறுத்தப் பார்க்கிறோம்.

பி 207, 7:44
முன்பு நீக்கியதைச் சொல்லிவிடுகிறேன். நாங்களும் நல்ல தண்ணீருக்கு மாற்றிக்கொண்டோம். நீர் தெளிந்தால் திரும்ப மாற்றுகிறோம்.

ஏ 201 (செயலாளர்), 7:50
நன்றி. இன்று இரவிலிருந்து புளோயர் நிற்காது, ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டேன். பில் ஏறினால் என்னைத் திட்டாதீர்கள். பொதுக்குழு ஞாயிறு காலை 10 மணிக்கு, கிளப் ஹவுஸில்.

சி 104 மாமி, 7:52
பத்து மணியும் வேண்டாம், ஏசி அறையும் வேண்டாம். காலை ஐந்து மணிக்கு எஸ்டிபி பக்கத்தில் வையுங்கள். காபி நான் போட்டுக்கொண்டு வருகிறேன்.

ஏ 201 (செயலாளர்), 7:58
ஆறு மணி ஆக்கலாமா மாமி?

சி 104 மாமி, 7:58
ஐந்து.