நடைபாதையில் ஏறி நிற்கும் வாகனங்கள்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

வெள்ளவத்தை மகள்:
போன மாதம் நடந்தது, இன்னும் நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது. அம்மாவுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து இரண்டு மாதம். கைத்தடியோடு மெல்ல நடப்பார். கொழும்பின் காலி வீதியில் சந்தைப் பக்கமாக வந்தோம். வழக்கமான காட்சிதான்: புடவைக்கடை வாசலில் ஒரு வான், இடப்பக்கச் சில்லு இரண்டும் நடைபாதையின் மேலே. கடைப்படிக்கும் வானுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. வீதியில் இறங்கினோம். 100ஆம் இலக்க பஸ் ஒன்று ஹோன் அடித்தபடி உரசுவதுபோல் போனது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் தோலில் பதிந்துவிட்டது. தடுமாறியதில் கைத்தடி வான் கதவில் டக்கென்று பட்டது. உள்ளே சோற்றுப் பார்சலை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த சாரதி கண்ணாடியை இறக்கினார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "சமாவென்ன மாத்தயா" என்றார். மன்னிப்புக் கேட்டது அம்மா! அந்த மனிதர் கதவில் கீறல் விழுந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "விநாடி தெகாய்" என்றார். சிங்களத்தில் அது இரண்டு நிமிடம். நாங்கள் மரக்கறி வாங்கித் திரும்பியபோதும் வான் அங்கேயேதான் நின்றது.

ஜம்பட்டா வீதியான்:
எல்லோரும் வானைச் சொல்கிறீர்கள், மோட்டார் சைக்கிளை யாரும் சொல்வதில்லை. எங்கள் பக்கம் கண் தெரியாத ஐயா ஒருவர் லொத்தர் சீட்டு விற்கிறார். ஒரு நாள் ஐந்தாறு மோட்டார் சைக்கிள்களை வரிசையாக மேலே ஏற்றி விட்டிருந்தார்கள். அவருடைய தடி சில்லுக்கம்பிக்குள் சிக்கியது. அதை இழுக்கப் போனவரின் கெண்டைக்கால் சூடான சைலன்சரில் பட்டுவிட்டது. நான்தான் கையைப் பிடித்து ஓரமாக உட்கார வைத்தேன். "மூலையிலிருந்து தூண் வரைக்கும் இருபத்திரண்டு எட்டு, தம்பி. எண்ணித்தான் நடக்கிறேன். தூண் இடம் மாறாது, இவை நாளுக்கொரு இடத்தில் நிற்கின்றன" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

புறக்கோட்டை சாரதி:
அப்படி ஏற்றி நிறுத்துகிறவன் நான். இரண்டாம் குறுக்குத் தெருவுக்குத் துணி கொண்டுவருகிறேன். சாமான் இறக்க எங்கே இடம் இருக்கிறது? முழு வண்டியையும் வீதியில் விட்டால் பின்னால் வருகிறவன் ஹோன் அடித்தே கொன்றுவிடுவான், பொலிஸும் வரும். பாதியை மேலே ஏற்றினால் ஒருவரும் கேட்பதில்லை. வாகனக்காரனுக்கு வழிவிடுவதாக நினைத்து நடக்கிறவனின் வழியை எடுத்துக்கொள்கிறோம், அது எனக்கும் தெரியும். ஒரு நாள் சுமை தூக்கும் நாட்டாமிமார் பொதி இறக்கி முடியும்வரை, கைக்குழந்தையோடு ஒரு பெண் வெயிலில் அப்படியே நின்றார். திட்டவில்லை. என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. குழந்தையின் தலைக்கு மேலே ஒரு கோப்பு மட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். ஆனால் அக்கா, உங்கள் அம்மாவை வீதியில் இறக்கியது அந்தச் சாரதி மட்டுமல்ல. சாமான் இறக்க இடமே வைக்காமல் கடை கட்டியவர்களையும் கேளுங்கள்.

ஓய்வுபெற்றவன்:
வான் சாரதித் தம்பி சொல்வதை ஏற்க முடியாது. சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் என்ன சாமான் இறக்கினார்? என் கதை சின்னது. பம்பலப்பிட்டியில் நடைபாதையை முழுவதாக மறித்து நின்ற கார் ஒன்றைப் போக்குவரத்துப் பொலிஸ்காரரிடம் காட்டினேன். குனிந்து உள்ளே பார்த்தார். ஆள் இல்லை. இரண்டு தரம் விசில் ஊதினார். சற்று நின்றுவிட்டு, போய்விட்டார்.

இதில்தான் சிக்கல் இருக்கிறது. இங்கே தண்டம் என்றால் வழக்கமாகச் சாரதியின் கையிலிருந்து அனுமதிப்பத்திரத்தை வாங்கி, தண்டப் பத்திரத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் 14 நாட்களுக்குள் பணத்தைக் கட்டி அதை மீட்பார். ஆளே இல்லாத காரில் யாருடைய கையிலிருந்து வாங்குவது? வாகனம் ஓடும்போது செய்கிற குற்றத்துக்குப் பொருத்தமான முறையை, நிற்கிற வாகனத்துக்கும் வைத்திருக்கிறோம். என் மகள் எடின்பரோவில் இருக்கிறாள், அங்கே நடப்பதைப் பாருங்கள். ஸ்கொட்லாந்தில் 2019இல் சட்டம் இயற்றினார்கள், நடைமுறைக்கு வந்தது 2023 டிசம்பரில். எடின்பரோவில் 2024 ஜனவரி கடைசியிலிருந்து தண்டம் விதிக்கிறார்கள். 100 பவுண்ஸ், 14 நாட்களுக்குள் கட்டினால் 50. பொலிஸை எதிர்பார்ப்பதில்லை. உள்ளூராட்சி ஊழியரே சீட்டைக் கண்ணாடியில் வைத்துவிடுவார், கட்ட வேண்டிய பொறுப்பு வாகனத்தின் பதிவு உரிமையாளருக்கு. சாமான் ஏற்றி இறக்க 20 நிமிடம் விலக்கு உண்டு, ஆனால் நடப்பவருக்கு ஒன்றரை மீற்றர் வழி விட்டிருக்க வேண்டும். வான் தம்பி இதைக் கவனிக்கவும். லண்டனில் 1974ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே தடை.

ஆகவே வெள்ளவத்தை மகள், நீங்கள் செய்ய வேண்டியது: இலக்கத் தகடு தெரியப் படம் எடுங்கள். திகதியும் நேரமும் குறியுங்கள். ஒரே இடத்தைப் பத்து நாள் படம் எடுத்தால்தான் அது முறைப்பாடு, ஒரு படம் வெறும் கோபம். மனுவில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, வலது குறைந்தோர் உரிமைச் சட்டத்தைக் குறிப்பிடுங்கள். அணுகும் வசதிக்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன, அவற்றையும் எழுதுங்கள். பிரதியை வைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். எல்லாவற்றிலும் சுலபம், நடைபாதை ஓரத்தில் கொங்கிரீட் கட்டைகள் நட்டுவிடுவது.

நான்கு சில்லு:
கட்டை வேண்டாம் ஐயா. நான் சக்கர நாற்காலியில் போகிறவன். எங்கள் ஒழுங்கை முகப்பில் நட்டார்கள். கார் ஏறவில்லை, உண்மைதான். நானும் போக முடியவில்லை. இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்கள் நசுங்கிப் பின்வாங்கினேன். பின்னால் வந்த பள்ளிக்கூடப் பையன் நாற்காலியைச் சரித்துத் தூக்கி, மறுபக்கம் வைத்துவிட்டுப் போனான். நட்டவர்கள் ஒரு தடவையாவது அளந்து பார்த்திருக்கலாம்.

வெள்ளவத்தை மகள்:
ஐயா, படம் எடுக்கச் சொல்கிறீர்கள். என் ஒரு கையில் அம்மா, மறு கையில் மரக்கறிப் பை. வான் தம்பி, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தப் பிள்ளைக்குத் தண்ணியாவது குடுத்தார்களா?" என்று கேட்டார், வெயிலில் நின்ற குழந்தையை நினைத்து.

இப்போது அம்மா காலை ஆறு மணிக்கு நடக்கிறார். கடைகள் திறக்கும் முன்பு, அந்தப் புடவைக்கடை வாசல்வரை போய்த் திரும்புகிறார். அந்த நேரத்தில் நடைபாதை முழுதும் அவருக்கு இருக்கிறது. மரக்கறி வாங்க நான் தனியாகப் போகிறேன்.