மறு: உதடிலியா, கிலுக்கிரையா, துடியிரையா?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

இரண்டு வாரமாக இந்த இழையை ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். தூண்டில் சொற்கள் பட்டியலில் 'லிப்லெஸ் க்ராங்க்பைட்' என்ற ஒற்றை வரிக்கு, அதாவது மீன் வடிவத்தில் செய்த ஒரு வகைப் பொய்யிரைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதற்கு, இத்தனை மடல் வரும் என்று நினைக்கவில்லை. நான் இருப்பது ஹூஸ்டன். பிப்ரவரி பிறந்துவிட்டால் சனிக்கிழமை இருட்டோடு கிளம்பி, கிழக்கு டெக்சஸில் இருக்கும் சாம் ரேபர்ன் ஏரிக்கு வண்டியை விடுகிற ஆள். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் சாமான் என் பெட்டியில் ஒரு டஜனுக்கு மேல் கிடக்கிறது. இலக்கணம் எனக்கு அரைகுறைதான், பொருள் தெரியும். அந்தத் துணிச்சலில் எழுதுகிறேன்.

> பாஸ் என்பது நம் கொடுவாதானே? அப்படியே எழுதிவிடலாமே?

வேண்டாம். கொடுவாவுக்கு ஆங்கிலத்தில் 'ஏஷியன் சீ பாஸ்' என்றும் ஒரு பெயர் இருப்பதால் வந்த குழப்பம் இது. இங்கே பேசப்படுவது பெருவாய் பாஸ். வட அமெரிக்காவின் நன்னீர் மீன், சன்ஃபிஷ் குடும்பம். பெயரில்தான் ஒற்றுமை, மற்றபடி ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 'பாஸ்' என்றே இருக்கட்டும்.

> முதுகெலும்பிலி, கம்பியிலி போல 'உதடிலி' என்றால் கச்சிதமாக முடிந்துவிடும்.

ஐயா, காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம், பெரும்பாலும் 14 கிராம் எடை, இரு பக்கமும் காரப்பொடி மீன் போலத் தட்டை. உள்ளே காலியிடம், அதில் சில எஃகுக் குண்டுகள். வயிற்றிலும் வாலிலும் மூன்று முள் சேர்ந்த கொக்கி ஒவ்வொன்று. தூண்டில் நரம்பைக் கட்டுகிற வளையம் மூக்கில் இல்லை, பிடரிக்குச் சற்றுப் பின்னால் முதுகில் இருக்கிறது. (யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன 'தங்கூசி' என்ற சொல்லை நரம்புக்கு இணையாகப் பட்டியலில் சேர்த்துவிடலாம். எனக்கு அதுதான் அதிகம் பிடித்திருக்கிறது.)

இதன் அண்ணன் வகைக்கு வாய்க்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். இழுத்தால் அந்தத் தகட்டில் தண்ணீர் மோதி, இரையைக் கீழே தள்ளும். இழுப்பதை நிறுத்தினால் பெரும்பாலும் மிதந்து மேலே வந்துவிடும். அந்தத் தகட்டைத்தான் ஆங்கிலத்தில் 'லிப்' என்கிறார்கள். நம் கண்ணுக்கு அது உதடாகவா தெரிகிறது? தொங்கும் நாக்கு என்றாலாவது பரவாயில்லை. 'உதடிலி' என்று படிக்கிற தமிழன், யாரோ வாயை அறுத்துவிட்ட மீன் என்று நினைப்பான்.

இன்னொரு சிக்கல். இல்லாததைச் சொல்லிப் பெயர் வைத்தால், இருப்பதை முன்பே பார்த்தவனுக்குத்தான் விளங்கும். கம்பியிலி என்ற சொல் கம்பியோடு வாழ்ந்த தலைமுறைக்குச் சட்டென்று புரிந்தது. முதுகெலும்பிலி நிற்கிறது என்றால், விலங்குகளையே இரண்டாகப் பிரிக்கிற கோடு அது. இங்கே அப்படி இல்லை. தகடு வைத்த இரையைப் பார்க்காமலே இதை முதலில் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். ஜப்பானியர்கள் இதை 'வைப்ரேஷன்' என்றுதான் அழைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 'வைப்'. அங்கே இதைப் போட்டுத் தேடும் மீன்களில் ஒன்று பாரமண்டி, அதாவது நம் கொடுவா. அந்த வகையில் கொடுவா என்று கேட்ட நண்பர் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டார்! இல்லாத உதட்டைப் பிடித்துத் தொங்குவது அமெரிக்க ஆங்கிலம்தான். அங்கும் லூயிசியானா, டெக்சஸ் பக்கத்து ஆட்கள் பேச்சில் 'ட்ராப்' என்றுதான் சொல்வார்கள்.

அந்த 'ட்ராப்' வந்த கதை நம் விவாதத்துக்கு உதவும். 1960களில் லூயிசியானாவின் பில் லூயிஸ் என்பவர் 'ராட்-எல்-ட்ராப்' என்ற இரையைச் செய்து விற்றார். ஆங்கிலத்தில் 'ராட்டில்ட்ராப்' என்றால் லொடலொட வண்டி. அவர் ஓட்டிய பழைய காருக்கு வைத்த பட்டம் இரைக்கு வந்துவிட்டது என்பது அந்த நிறுவனத்தார் சொல்லும் கதை. இந்த வடிவத்தை முதலில் செய்தது அவர் இல்லை, ஹெட்டன் நிறுவனத்தின் 'சானிக்' 1950களிலேயே இருந்தது. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது இதற்கு. நம் ஊரில் எல்லா நகலும் ஜெராக்ஸ் ஆனது போல, எந்த நிறுவனம் செய்தாலும் ட்ராப்.

> உள்ளே குண்டு குலுங்குகிறதே. குழந்தையின் கிலுகிலுப்பைதானே இது? 'கிலுக்கிரை' எப்படி?

இதைப் படித்ததும் ஒரு நாள் முழுக்க இதுதான் சரி என்று இருந்தேன். கலங்கிய நீரில் பாஸ் இதைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடுகிறது என்பதும் உண்மை. ஆனால் தகடு வைத்த வகையிலும் குண்டு போட்டுத்தான் விற்கிறார்கள். அதோடு இந்த வகையிலேயே குண்டு இல்லாத ஊமை இரைகளும் உண்டு. தண்ணீர் தெளிந்து, ஏரியில் படகு கூட்டம் அதிகமாகி, மீன் சத்தத்துக்கே மிரண்டு நிற்கும் நாளில் நான் ஊமையைத்தான் எடுப்பேன். அப்போது 'சத்தமில்லாத கிலுக்கிரை' என்று எழுத வேண்டிவரும். சிரிப்பார்கள்.

சரி, என் கட்சி 'துடியிரை'. ஏன் என்பதற்குக் கரையில் நின்று சொல்ல முடியாது, தண்ணீருக்குள் போக வேண்டும்.

பாஸ் முட்டையிடத் தொடங்குவது நீர் ஏறத்தாழ 16 டிகிரி செல்சியசைத் தொடும்போது. அதற்கு முந்தைய சில வாரங்கள், நீர் 8, 10, 12 என்று தயங்கித் தயங்கி ஏறும் காலம்தான் இந்த இரைக்குப் பொற்காலம். ஆழத்தில் குளிர்காலத்தைக் கழித்த மீன்கள் மேட்டை நோக்கி நகர்ந்து, வழியில் ஒன்று முதல் இரண்டரை மீட்டர் ஆழத்தில் இருக்கும் பாசித் திட்டுகளின் ஓரத்தில் தங்கும். சாம் ரேபர்னில் அந்தப் பாசி பெரும்பாலும் ஹைட்ரில்லா. குளிரில் மடிந்து, அடியிலிருந்து முழங்கால் உயரம்தான் நிற்கும். (இந்த ஹைட்ரில்லா 1950களில் மீன்தொட்டி அலங்காரத்துக்காக இலங்கையிலிருந்து புளோரிடாவுக்குப் போய், அங்கிருந்து தப்பிப் பரவியது என்கிறார்கள். நம் பக்கத்துச் சரக்கு. அதை ஒழிக்க அரசு செலவழிக்கிறது, பாஸ் பிடிப்பவர்கள் உள்ளுக்குள் கும்பிடுகிறார்கள்.)

இரையை நீள எறிந்து, அது தன் எடையிலேயே இறங்கும்வரை பொறுத்து, கோலைத் தாழ்த்தி ரீலைச் சுற்ற வேண்டும். சாய்வான தட்டை நெற்றியில் தண்ணீர் மோதி, இரை இடமும் வலமுமாக மிக வேகமாக உதறும். தகடு வைத்தது ஆடி அசைந்து வரும், இது நடுங்கிக்கொண்டு வரும். அந்த நடுக்கம் நரம்பு வழியாக ஏறிக் கோலின் பிடிவரைக்கும் 'டுர்ர்ர்' என்று வந்து சேரும். நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியர் மாதிரி, அதற்கப்புறம் வேலையெல்லாம் விரலில்தான். துடிப்பு சீராக இருந்தால் இரை பாசிக்கு மேலே வருகிறது, இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சுற்றிக் கீழே இறக்கலாம். இடையிடையே தடுக்கினால் பாசியின் நுனியைத் தொடுகிறது, அதுதான் சரியான உயரம். துடிப்பு மழுங்கிப்போய்க் கனம் மட்டும் வந்தால் பாசியில் மாட்டிவிட்டது.

இந்த இடத்தில்தான் புதிதாக வருகிறவர்கள் தவறு செய்வார்கள். நானும் முதல் வருடம் முழுக்கச் செய்தேன். மெதுவாக இழுத்து இழுத்து ஒரு கட்டுக் கீரையைக் கரை சேர்ப்பேன். செய்ய வேண்டியது, கோலை வெடுக்கென்று ஒரு பிடுங்கு. இரை பாசியைக் கிழித்துக்கொண்டு துள்ளி வெளியே வரும், ஒளிந்திருந்த சின்ன மீன் அலறி ஓடுவது போல. பத்தில் ஏழெட்டு முறை மீன் வந்து கவ்வுவது அந்தக் கணத்தில்தான் என்பது என் கை சொல்லும் கணக்கு. இந்தப் பிடுங்கலுக்கு 'வெடுக்கிழுப்பு' என்ற சொல்லையும் கூடவே முன்வைக்கிறேன்.

சில சமயம் மீன் கவ்வியதே தெரியாது. துடித்துக்கொண்டிருந்தது சட்டென்று நின்றுபோகும், நரம்பு தொய்யும். பாஸ் பின்னால் வந்து கவ்வியபடி நம்மை நோக்கியே நீந்துகிறது என்று அர்த்தம். நின்ற துடிப்புதான் செய்தி. இதற்குப் போய் உதடிலி என்றால் மனசு கேட்குமா?

மற்ற பருவங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இலையுதிர் காலத்தில் ஷாட் மீன்கள் (மத்திக்கு ஒன்றுவிட்ட சொந்தம்) கூட்டமாக ஓடைக் கிளைகளுக்குள் நுழையும், பாஸ் பின்தொடரும். அப்போது வெள்ளி மின்னும் இரையை மேல்மட்டத்தில் வேகமாகச் சுற்றினால் போதும். வசந்தத்துக்கு முன்பு சிவப்பு, கிராஃபிஷ் என்ற நன்னீர் இறால் வகையின் நிறம். 'ரேபர்ன் ரெட்' என்று இந்த ஏரியின் பெயரிலேயே ஒரு சிவப்பு உண்டு. கோடையில் நான் இதைப் பெட்டியை விட்டு எடுப்பது குறைவு.

கோலைப் பற்றி மட்டும் ஒன்று. விறைப்பான கோல் கூடாது. இரையின் எடையையே நெம்புகோலாக வைத்துக்கொண்டு பாஸ் துள்ளித் தலையை உதறும், கொக்கி கழன்று பறக்கும். பாதிவரை வளைகிற ஏழடிக் கோல் அந்த உதறலை வாங்கிக்கொள்ளும். நான் இழந்த மிகப் பெரிய மீனைப் படகுக்கு இரண்டு கை தூரத்தில் இழந்தேன், கையில் இருந்தது விறைத்த கோல்.

இனி இலக்கணம், தவறிருந்தால் திருத்துங்கள். துடி + இரை, வினைத்தொகை, நடுவில் யகர உடம்படுமெய்: துடியிரை. 'துடி' என்பது உடுக்கை போன்ற தோற்கருவியும் ஆகையால் குண்டின் சத்தமும் ஓரமாக உள்ளே வந்துவிடுகிறது. ஊமை இரைக்கும் பொருந்தும், அது சத்தம் போடாதே தவிரத் துடிக்காமல் இருக்காது. ஒரே எச்சரிக்கை, தட்டச்சில் 'துடியிடை' ஆகிவிட்டால் இழை வேறு எங்கோ போய்விடும்.

> முள்ளில் கோத்த மண்புழுவும் துடிக்கிறதே?

துடிக்கிறது. ஆனால் அதற்கு 'உயிரிரை' என்ற சொல் இருக்கிறது. பொய்யிரை என்ற தலைப்பின் கீழ்தான் துடியிரை வரப்போகிறது, குழம்பாது.

தகடு வைத்த அண்ணனுக்கு 'முக்குளியிரை' என்று தோன்றுகிறது. நம் குளத்து முக்குளிப்பான் மாதிரி முங்கி, விட்டால் மேலே வருகிறது. அதைத் தனி இழையில் பேசலாம்.

அன்புடன்,
ஹூஸ்டன்காரன்

---

ஹூஸ்டன் நண்பருக்கு,

உதடிலியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வினைத்தொகையில் குறையில்லை. ஒரு ஐயம் மட்டும். கடுங்குளிரில் இந்த இரையை அடிவரை விட்டு, தூக்கி, மறுபடி விழவிட்டுப் பிடிப்பார்கள் என்று இதே இழையில் ஒருவர் எழுதியிருந்தார். விழும்போதுதான் மீன் கவ்வும் என்றும் சொன்னார். விழும் இரை துடிக்காது அல்லவா? அப்போது பெயர் பொய்த்துப்போகாதா?

---

ஐயா,

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். அந்த முறைக்கு நான் 'ஏற்றியிறக்கல்' என்கிறேன். நீர் 7, 8 டிகிரிக்கு இறங்கி, ஷாட் மீன்கள் குளிரில் செத்துச் சரியும் நாட்களுக்கானது. விழும்போது பெரும்பாலான இரைகள் துடிக்காது, உண்மை. சிலது லேசாகப் பக்கவாட்டில் சிலிர்த்தபடி இறங்கும், அவ்வளவுதான். மீன் கவ்வுவதும் அப்போதுதான், பல நேரம் கைக்கு ஒன்றுமே தெரியாது. தெரிவது அடுத்த முறை தூக்கும்போது. வர வேண்டிய துடிப்பு வராது, ஈரத்துணி மாதிரி ஒரு கனம் இருக்கும். உடனே கோலைப் பக்கவாட்டில் வீசி இழுக்க வேண்டும்.

துடிக்காததை வைத்துத்தான் அங்கே மீனையே கண்டுபிடிக்கிறோம். ஆகவே என் ஓட்டு மாறவில்லை. யாழ்ப்பாணத்து அக்கா, நீங்கள் இன்னும் கிலுக்கிரை பக்கம்தானா?