ஒரு மணி நேர சார்ஜரில் பேட்டரி செல் கையைச் சுடுகிறது. கோளாறு எதில்?

காரைக்குடி ஸ்டுடியோ:
வணக்கம். கல்யாண போட்டோ எடுக்கிறேன். ஃப்ளாஷுக்கு நாலு டபுள் ஏ செல், கொள்ளளவு 2500 எம்ஏஎச், திரும்பத் திரும்ப சார்ஜ் பண்ற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரகம். ரெண்டு நாலு வருஷப் பழசு, ரெண்டு போன மாசம் வாங்கினது. நேத்து வரவேற்பு முடிஞ்சு ராத்திரி 11 மணிக்கு மண்டபத்து ரூம்லயே சார்ஜ் போட்டேன். காலையில 6 மணிக்கு முகூர்த்தம். ஐம்பது நிமிஷம் கழிச்சுத் தொட்டா விரல் சுட்டுருச்சு. துண்டை வச்சுத்தான் எடுத்தேன். பழசு ரெண்டுலயும் மேலுறை சுருங்கியிருக்கு. புதுசு ரெண்டும் வெதுவெதுப்புதான். சிவப்பு விளக்கு அப்பவும் எரிஞ்சுது. பக்கத்துலயே பொண்ணு வீட்டுக்காரங்க பட்டுப்புடவை அடுக்கியிருந்தாங்க. நினைச்சா இப்பவும் பதறுது. சார்ஜரை மாத்தணுமா, செல்லை மாத்தணுமா?

திருச்சி வாசகர்:
வேக சார்ஜர்னா சூடு வரத்தான் செய்யும். ஃபேனுக்குக் கீழ வைங்க.

மதுரை ரேடியோ மெக்கானிக்:
உறை சுருங்குற சூடு வேற, ஃபேன் காத்துல அடங்குற சூடு வேற. தம்பி, ரெண்டு விஷயம் சொல்லுங்க. சார்ஜர்ல விளக்கு, செல் போடுற குழிக்கு ஒண்ணா, ரெண்டு குழிக்கு ஒண்ணா? எந்தக் குழியில எந்த செல்லைப் போட்டீங்க?

காரைக்குடி ஸ்டுடியோ:
ரெண்டு குழிக்கு ஒரே விளக்குண்ணே. பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணுன்னு கலந்துதான் போட்டேன். சமமா இருக்கட்டுமேன்னு.

மதுரை ரேடியோ மெக்கானிக்:
அதுதான் காரணம். உங்க சார்ஜர் ரெண்டு செல்லைத் தொடரா கோத்து ஒரே கரண்ட்டை விடுது. பழைய செல் இப்ப 1500 எம்ஏஎச்தான் பிடிக்கும்னு வைங்க. ஒரு மணி நேர சார்ஜர் விடுற ரெண்டரை ஆம்பியர்ல அது நாப்பது நிமிஷத்துக்குள்ள நிறைஞ்சிரும். புதுசுக்கு இன்னும் வேணும், அதனால கரண்ட் நிக்காது. நிறைஞ்ச செல்லுக்குள்ள போறது அத்தனையும் சூடாத்தான் மாறும். மூணரை வாட்டுக்கு மேல, அதுவும் முப்பது கிராம் எடையில! பத்து நிமிஷம் போதும்.

செல் நிறைஞ்சதும் வோல்டேஜ் ஒரு சில மில்லிவோல்ட் இறங்கும். சார்ஜர் அந்த இறக்கத்தைப் பார்த்துத்தான் நிறுத்துது. ஜோடியில ஒண்ணு இறங்குறப்ப மத்தது ஏறிக்கிட்டிருந்தா மொத்தத்துல இறக்கமே தெரியாது. சார்ஜர் கெட்டுப்போகலை, ஏமாந்திருக்கு.

நாலு குழிக்கும் தனித்தனியா பார்க்கிற சார்ஜர் வாங்குங்க. ஒரு ஆம்பியர் போதும், மூணு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிரும். ரொம்பக் குறைச்சு 200 மில்லியாம்பியர்ல விட்டா அந்த இறக்கம் சரியா வராது. ஃப்ளாஷ்ல இருந்து எடுத்த செல்லே சூடாத்தான் இருக்கும், ஆற விட்டுட்டுப் போடுங்க. உறை சுருங்கின ரெண்டையும் இனி தொடாதீங்க. பாசிட்டிவ் குமிழைச் சுத்தி இருக்கிற தகரம் நெகட்டிவ், நடுவுல உறைதான் காவல். உறை விலகினா ஷார்ட்தான். குப்பையில போடாம மின்கழிவு எடுக்கிறவங்ககிட்ட கொடுத்துடுங்க.

காரைக்குடி ஸ்டுடியோ:
நன்றிண்ணே. கலந்து போட்டது நான்தான், சார்ஜரைத் திட்டிக்கிட்டிருந்தேன். புதுசு ரெண்டையும் வச்சுக்கலாமா?

மதுரை ரேடியோ மெக்கானிக்:
தாராளமா. அதே மாடல்ல இன்னும் ரெண்டு இப்பவே வாங்கி, நாலுலயும் மார்க்கர்ல ஒரே எழுத்தைப் போட்டுருங்க. இன்னொரு நாலு வேற எழுத்துல தனியா இருக்கட்டும். கைவசம் ரெண்டு செட் இருந்தா ராத்திரி 11 மணிக்கு அவசரமே வராது.