வாட்ஸ்அப் பேக்கப்: என் பக்கம் பூட்டினா போதுமா?

கரிகாலன்_நெட்: "வாட்ஸ்அப்ல எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் இருக்கு, நம்ம பேச்சை யாரும் படிக்க முடியாது"ன்னு பக்கத்து இழையில ஒருத்தர் எழுதியிருக்கார். அதுக்குப் பாராட்டு வேற! படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. அனுப்பறவர் ஃபோன்ல பூட்டினது வாங்கறவர் ஃபோன்லதான் திறக்கும், அதனால போற வழியில யாரும் படிக்க முடியாது, 2016லேர்ந்து அப்படித்தான். கூகுள் டிரைவுக்குப் போற பேக்கப், அதாவது பேச்சோட நகல்? அதுக்குப் பூட்டு 2021 அக்டோபர்லதான் வந்துச்சு. அதையும் நாமளாத்தான் ஆன் பண்ணணும்.

வைகை_ராஜா: எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப், அதுக்குள்ள எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பேக்கப். ஆன் பண்ணி பாஸ்வேர்டு வைங்க, இல்ல 64 இலக்கச் சாவியை எழுதி வைங்க. முடிஞ்சுது.

கரிகாலன்_நெட்: உங்க ஃபோன்ல முடிஞ்சுது. எதிராளி ஆன் பண்ணாரா? அதே பேச்சு அவர் ஃபோன்லயும் இருக்கே. 40 பேர் குரூப்புல 39 பேர் பூட்டி ஒருத்தர் விட்டாலும், மொத்தப் பேச்சும் அவர் டிரைவுல பூட்டில்லாம கிடக்கும்.

வைகை_ராஜா: அது அவர் பாடு. என் பேக்கப் பூட்டியாச்சு.

நிலா_டெக்: ஃபோனும் தொலைஞ்சு பாஸ்வேர்டும் மறந்தா? வாட்ஸ்அப்பே மீட்டுத் தராது, பேக்கப் போச்சு. அதை யாரும் சொல்லலையே. இதுக்கு டெலிகிராம் எவ்வளவோ மேல்.

கரிகாலன்_நெட்: டெலிகிராமா! அதுல சாதாரண சாட்டுக்கு எண்ட்-டு-எண்ட்டே கிடையாது. சீக்ரெட் சாட் தனியா திறக்கணும், அதுவும் ரெண்டு பேருக்குள்ள மட்டும்தான். விபிஎன் (இணைய இணைப்பை மறைச்சு அனுப்பற வசதி) பத்தின பழைய இழையிலயும் இப்படித்தான் பாதி தெரிஞ்சுக்கிட்டு வந்தீங்க.

நிலா_டெக்: விபிஎன் இழையில பதில் சொல்லாம ஓடினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்.

வைகை_ராஜா: எதிராளி பூட்டலைன்னா மறையும் மெசேஜ் போடுங்க சார், குறிச்ச நேரத்துல தானா அழிஞ்சுடும். 24 மணி நேரம், 7 நாள், 90 நாள், எது வேணுமோ வைங்க.

கரிகாலன்_நெட்: மறையறதுக்குள்ள அவர் பேக்கப் ஓடிட்டா அந்த மெசேஜும் அதுல சேர்ந்துடும். பேக்கப்பைத் திரும்ப ஃபோன்ல இறக்கும்போதுதான் அழியும். தினசரி பேக்கப் வச்சிருக்கற ஆளுகிட்ட 7 நாள் வச்சு என்ன புண்ணியம்?

முத்துநகர்: பேக்கப்பை விடுங்கண்ணே. பிரவுசிங் சென்டர்ல வாட்ஸ்அப் வெப் திறந்துட்டு லாக்அவுட் பண்ணாம வர்றவங்கதான் அதிகம் மாட்டுறாங்க. ஃபோன் ஆஃப்ல இருந்தாலும் அங்க மெசேஜ் ஓடும். 14 நாள் ஃபோன்ல வாட்ஸ்அப்பைத் திறக்கலைன்னாத்தான் தானா அறுபடும். ஃபோன் வாட்ஸ்அப்ல லிங்க்டு டிவைசஸ்ல போய் தெரியாத கணினியைத் தூக்குங்க.

கரிகாலன்_நெட்: தம்பி, அது தனி விஷயம், தனி இழை போடு. நான் கேக்கறது ஒண்ணுதான்: எதிராளியோட பேக்கப். அதுக்கு இன்னும் பதில் வரல.

வைகை_ராஜா: பத்து தடவை சொல்லியாச்சு, என் பக்கம் பூட்டியிருக்கு. என் பதிவுல ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டேன்.

கரிகாலன்_நெட்: "யாரும் படிக்க முடியாது"ன்னு எழுதியிருக்கீங்க. அந்த வரி அங்க இருக்கற வரைக்கும் நான் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன்.

நிலா_டெக்: முதல்ல விபிஎன் இழைக்குப் பதில் எழுதிட்டு வாங்க.