கண்ட்ரோல்களை கோடிலேயே உருவாக்கலாமா, டிசைனரில் வரைவதே நல்லதா?

புதுநிரலர்:
விண்டோஸ் ஃபார்ம்ஸ், சி ஷார்ப். கண்ட்ரோல் என்று நான் சொல்வது லேபிள், டெக்ஸ்ட்பாக்ஸ், பட்டன் போன்ற படிவத்தின் பாகங்களை. படிவத்தில் என்னென்ன புலங்கள் வரவேண்டும் என்பது டேட்டாபேஸில் இருக்கிறது. அதைப் படித்து, லூப்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு லேபிளும் ஒரு டெக்ஸ்ட்பாக்ஸும் உருவாக்கி பேனலில் சேர்க்கிறேன், மொத்தம் 120 புலங்கள். பயனர் வகையை மாற்றினால் கண்ட்ரோல்ஸ்.கிளியர் போட்டுவிட்டு மறுபடி கட்டுகிறேன். காலையில் நன்றாக ஓடுகிறது, மதியத்துக்குள் விண்டோ ஹேண்டில் (ஒவ்வொரு கண்ட்ரோலுக்கும் விண்டோஸ் தரும் அடையாள எண்) உருவாக்க முடியவில்லை என்று நின்றுவிடுகிறது. எல்லாவற்றையும் டிசைனரில் (மவுஸால் இழுத்துப் படிவத்தை அமைக்கும் திரை) வரைந்து, வேண்டாததை மறைத்துவிடு என்கிறார் கூட வேலை செய்பவர். அதுதான் வழியா?

வரைபலகை:
அவர் சொல்வதுதான் சரி. கோடில் கட்டிய படிவத்தை ஆறு மாதம் கழித்துத் திறந்தால், எது எங்கே வரும் என்பது ஓட்டிப் பார்க்காமல் தெரியாது. அப்படிப்பட்ட ப்ராஜெக்ட் ஒன்றைப் பராமரித்திருக்கிறேன், ஒரு பட்டனை நகர்த்த மூன்று கிளாஸில் தேடினேன்.

பழைய டெல்ஃபி:
டிசைனர் மட்டும் என்ன செய்கிறது? அது தானாக எழுதும் இனிஷியலைஸ் கம்போனென்ட் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள், அங்கேயும் நியூ போட்டு உருவாக்கி கண்ட்ரோல்ஸில் சேர்க்கும் அதே கோடுதான். இங்கே கோளாறு உருவாக்குவதில் இல்லை, அழிப்பதில். கிளியர் என்பது கண்ட்ரோலைப் பேனலிலிருந்து எடுக்கும், டிஸ்போஸ் செய்யாது, அதாவது அது பிடித்திருப்பதை விடுவிக்காது, ஹேண்டில் அப்படியே தங்கிவிடும். ஒரு ப்ராசஸுக்கு விண்டோஸ் வழக்கமாக விடுவது 10,000 யூசர் ஹேண்டில். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 240 போனால் சுமார் 40 தடவையில் தீர்ந்துவிடும். நான் பழகிய டெல்ஃபி மொழியில் ஓனர் (கண்ட்ரோலை விடுவிப்பது) வேறு, பேரண்ட் (அதைத் திரையில் தாங்குவது) வேறு என்று தொடக்கத்திலேயே கற்றுக்கொள்வோம், அதனால் இதை யார் விடுவிப்பது என்ற கேள்வி தானாகவே எழும்.

அப்புறம், ஃபார்ஈச்சில் (பட்டியலை முதலிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கும் லூப்) டிஸ்போஸ் போடாதீர்கள். டிஸ்போஸ் ஆனதும் அந்தக் கண்ட்ரோல் பட்டியலிலிருந்தும் விலகும், அடுத்தது முன்னால் நகரும், பாதி தப்பிவிடும். கடைசியிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

வரைபலகை:
சரி, ஹேண்டில் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். 120 புலங்களை மறைத்து வைப்பதும் கனம்தான். ஆனால் அதற்காக 240 கண்ட்ரோல் எதற்கு? டேட்டாகிரிட்வியூ என்ற அட்டவணைக் கண்ட்ரோல் ஒன்றைப் போடுங்கள். செல்களை அது வரைகிறது, தட்டெழுதும் செல்லுக்கு மட்டும்தான் ஒரு எடிட்டிங் கண்ட்ரோல்.

பழைய டெல்ஃபி:
எல்லாம் எழுத்தாக இருந்தால் கிரிட் நல்லது, நானும் அதையே சொல்வேன். தேதி வந்தால் அதற்கான செல்லை நீங்களே எழுத வேண்டும், நீளமான கேள்விகள் வந்தால் நெடுவரிசைக்குள் அடங்காமல் படிக்கச் சிரமமாகும். படிவம் நிரப்புகிறவர் ஒரு படிவத்தை எதிர்பார்க்கிறார்.

திரைவாசகி:
நான் ஸ்க்ரீன் ரீடரில் (திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) வேலை செய்கிறவள், இதையும் பாருங்கள். டெக்ஸ்ட்பாக்ஸுக்குத் தனியாகப் பெயர் தராவிட்டால், டேப் வரிசையில் (டேப் விசையை அழுத்தினால் நகரும் வரிசை) அதற்கு முந்தைய லேபிள்தான் அதன் பெயராக எனக்குக் கேட்கும். முதலில் எல்லா லேபிளையும், பிறகு எல்லா பாக்ஸையும் சேர்த்துவிடுகிறார்கள், அப்போது எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியாமல் போகிறது. லேபிள், உடனே அதன் பாக்ஸ், இந்த வரிசையில் சேருங்கள். இல்லையென்றால் ஸ்க்ரீன் ரீடர் படிக்கும் பெயரான அக்ஸஸிபிள்நேமை நீங்களே கொடுத்துவிடுங்கள்.

வரைபலகை:
இது எனக்குத் தெரியாது. நன்றி. டிசைனரில் வரைந்தாலும் இதே பிழை வரும் என்று நினைக்கிறேன், என் படிவங்களை இன்றே பார்க்கிறேன்.

புதுநிரலர்:
பின்னோக்கி டிஸ்போஸ் போட்டேன், கட்டும் பகுதியை சஸ்பெண்ட்லேஅவுட், ரெஸ்யூம்லேஅவுட் (இடம் ஒதுக்கும் கணக்கை நிறுத்திவைத்துத் தொடர்வது) நடுவில் வைத்தேன். டாஸ்க் மேனேஜரில் யூசர் ஆப்ஜெக்ட்ஸ் நெடுவரிசையைத் திறந்து வைத்து 60 தடவை வகை மாற்றினேன், எண் ஏறவில்லை. லேபிள் வரிசை என் கோடிலும் தப்பாகத்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். இன்னொன்று, ஃபார் லூப்பில் ஐ-யை வைத்து கிளிக் ஈவென்ட் எழுதினேன், எந்தப் பட்டனை அழுத்தினாலும் கடைசி எண்தான் வருகிறது.

பழைய டெல்ஃபி:
லூப்புக்குள் ஐ-யை வேறொரு மாறியில் எடுத்துக்கொண்டு லாம்டாவில் (ஈவென்ட்டுக்கு நீங்கள் எழுதிய பெயரில்லாச் சிறு ஃபங்ஷன்) அதைப் பயன்படுத்துங்கள். இந்தச் சிக்கலை 2012-ல் சி ஷார்ப் 5 தீர்த்தது ஃபார்ஈச்சில் மட்டும்தான், ஃபார் இன்னும் பழையபடிதான்.