ஹார்டுலைன் லூப்: டியூபும் டிரெயின் வால்வும், யோசனை சொல்லுங்கள்

கணினியைத் தண்ணீரால் குளிர்விக்க, கெட்டியான பிளாஸ்டிக் டியூபில் (ஹார்டுலைன்) தண்ணீர் சுற்றிவரும் லூப் அமைக்கிறேன். சிபியு, ஜிபியு இரண்டுக்கும் ஒரே லூப். மேலே ஒன்று, முன்னால் ஒன்று என 360 மி.மீ. செம்பு ரேடியேட்டர் இரண்டு. டி5 வகை பம்ப், ரிசர்வாயருக்கு (தண்ணீர்த் தொட்டிக்கு) நேர் கீழே. சிப்பின் மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கும் பிளாக்குகள் நிக்கல் பூசிய செம்பு. அலுமினியம் அறவே இல்லை, செம்போடு சேர்ந்தால் அரித்துவிடும்.

டியூப் வெளிவிட்டம் 14, உள்விட்டம் 10 மி.மீ. பிஇடிஜி பிளாஸ்டிக் எளிதாக வளையும். ஆனால் பம்ப் நின்று தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டினால் இளகி ஃபிட்டிங்கிலிருந்து (டியூபை இணைக்கும் பகுதியிலிருந்து) நழுவலாம். அக்ரிலிக் சூடு தாங்கும், வெட்டும்போது விரிசல் விடும். எதை எடுக்கலாம்?

ஜிபியுவிலிருந்து மேல் ரேடியேட்டருக்கு அடுத்தடுத்து இரண்டு வளைவு. டியூப் நசுங்காமலிருக்க உள்ளே சிலிக்கோன் கயிறு விட்டாலும் இரண்டாவதை வளைக்கும்போது முதல் வளைவு முறுக்கிக்கொள்கிறது. அங்கே 90 டிகிரி ஃபிட்டிங் போடலாமா? அதனால் நீரோட்டத்துக்கு வரும் தடை டி5 பம்புக்குப் பெரிதல்ல. ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கூடினால் கசியும் இடமும் கூடுமே என்பதுதான் தயக்கம்.

முக்கியமான கேள்வி: முன் ரேடியேட்டரின் வாய் (டியூப் சேரும் துளைகள்) கீழே இருந்தால் டிரெயின் வால்வு அங்கேயே அமையும், ஆனால் மேல் மூலையில் காற்று தங்கும். மேலே இருந்தால் காற்று போகும், வடிக்கும்போது அடியில் தண்ணீர் நின்றுவிடும். கேபினெட்டைச் சாய்த்தே காற்றை முழுதாக வெளியேற்றியவர்கள் உண்டா?

தண்ணீர் விடுமுன் 0.5 பார் காற்றழுத்தச் சோதனை செய்வதாக உத்தேசம். அரை மணி நேரம் அழுத்தமானியின் முள் நகராமல் இருந்தால் போதுமா?